எதிர்க்கடைக்குப் போன போணி

தங்கவடிவேல் அண்ணாச்சிக்குக் கொஞ்ச நாளாகவே இருப்புக்கொள்ளவில்லை. சங்கரன்கோவிலில் அவருடைய சூப்பர் மார்க்கெட்டுக்கு நேர் எதிரே, பஸ் நிறுத்தத்தை ஒட்டி, ஏ.சி. போட்ட பெரிய கடை ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது. வாசலுக்கு வருவார், எதிரே பார்ப்பார், உள்ளே போவார், மறுபடியும் வருவார். பாவம், மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

கடையில் ஜெபமணி, பரமகுரு, ஆயிஷா என்று மூன்று பேர் வேலை. புளியங்குடியில் திறக்கப்போகும் கிளையை அவர்களில் ஒருவர் பொறுப்பில் விட வேண்டும். "வாங்க வர்றவங்க சிரமத்த யாரு குறைக்கிறாங்களோ, அவங்களுக்குத்தான் சாவி" என்று சாமி படத்துக்கு முன்னால் வாக்குக் கொடுத்தார். சும்மா இருந்திருக்கலாம், வாய் சும்மா இருக்கவில்லை.

மறுநாள் காலை கடை திறந்து இன்னும் போணி ஆகவில்லை. வழக்கமாக இங்கே வாங்கும் ஒரு பெண் மூச்சிரைக்க வந்தாள். கைக்குழந்தைக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த பால்பவுடர் வேண்டும். பிள்ளை வீட்டில் பசியில் அழுகிறது, பஸ் வந்துவிடும் என்றாள். அந்தப் பவுடர் தீர்ந்துபோயிருந்தது. முதல் ஆளை வெறுங்கையோடு அனுப்பினால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும் என்று அண்ணாச்சி உறுதியாக நம்புகிறவர். அது மூவருக்கும் தெரியும்.

ஜெபமணி வேறொரு டப்பாவை நீட்டினாள். "எல்லாம் ஒண்ணுதாம்மா."

பரமகுரு நாற்காலியை இழுத்துப் போட்டான். "உக்காருங்க. எதிர்க்கடைல நானே வாங்கிட்டு வந்து, அதே விலைக்குத் தாரேன்."

ஆயிஷா தெருவைக் காட்டினாள். "எதிர்க்கடைல இருக்கு. அங்கனயே பஸ் ஏறிரலாம், ஓடுங்கக்கா."

கல்லாவில் இருந்த அண்ணாச்சி எழுந்து வாசலுக்கு வந்தார். அந்தப் பெண் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள், பிறகு ஓடினாள். எதிர்க்கடையிலிருந்து டப்பாவோடு வெளியே வந்தவள், வந்து நின்ற பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். போணி கண்ணெதிரே அடுத்தவன் கல்லாவில் விழுந்தது. சாவியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டு நின்றார் அண்ணாச்சி.

கொடுத்த வாக்கும் தவறக் கூடாது, கடையும் பிழைக்க வேண்டும். நீங்களே சொல்லுங்கள், சாவி யாருக்குச் சேர வேண்டும்?

விடை: பரமகுருவுக்கு என்று சொல்லத் தோன்றும். கெட்டிக்காரன்தான். ஆனால் அவன் போய்த் திரும்புவதற்குள் பஸ் போயிருக்கும். நாற்காலி போட்டது போணியை உட்கார வைக்கத்தான். ஜெபமணி கொடுத்த டப்பாவோ டாக்டர் சொன்னதே இல்லை. ஆயிஷா சொன்ன வழியில்தான் அந்தப் பெண்ணுக்குப் பவுடரும் கிடைத்தது, பஸ்ஸும் கிடைத்தது. போணி போனது கடைக்குச் சிரமம்தான், ஆனால் கடையின் சிரமத்தைப் பற்றி அண்ணாச்சி வாக்கே கொடுக்கவில்லை. ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு சாவியை ஆயிஷாவிடம் கொடுத்தார். அந்தப் பெண் மறுபடி இந்தக் கடைக்கு வந்தாளா என்று மட்டும் கேட்காதீர்கள். அவளுக்கு எதிர்க்கடைதான் வசதி.