துணிக்குப் பின்னால் புதுப் பசை

இந்தக் கதையை நான் பல வருடங்களாக முழுதாக நம்பியதில்லை. சொன்னவர் சிங்கராயர் அண்ணன். பொய் சொல்லும் ஆள் இல்லை. ஆனால் பழுது ஒரு தடவை இடது ஸ்பீக்கரில் என்பார், இன்னொரு தடவை வலதில் என்பார். அதோடு, கதையில் வரும் டீச்சர் முடிவில் சொல்லும் பதில் கொஞ்சம் அதிகமாகவே அழகாக இருக்கிறது. அழகான பதில் எதைக் கேட்டாலும் எனக்குச் சந்தேகம் வரும். அது என் குறையாகவும் இருக்கலாம்.

அண்ணன் குன்னூரில் ஒரு தொழிற்சாலையில் தரச்சோதனை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த வருடம் சௌந்தரவல்லி டீச்சரிடம் போய்ச் சேர்ந்தார். டீச்சர் அவரைவிட வயதில் இளையவர். பாடவோ வாசிக்கவோ அவர் சொல்லித்தரவில்லை. கேட்கச் சொல்லித்தந்தார். ஞாயிறு காலையில் ஒரு இசைத்தட்டைப் போடுவார். நாலைந்து பேர் பாயில் உட்கார்ந்து கேட்பார்கள். முடிந்தபின் 'நல்லா இருந்துச்சு' என்றுகூட யாரும் சொல்லக்கூடாது.

முதல் நாளே அண்ணன் அழுதுவிட்டாராம்.

அந்த அறையில் இருந்தவை பலகை ஸ்பீக்கர்கள். பெட்டி கிடையாது. கதவு போல நெட்டையாக, துணி போர்த்தி இரண்டு நிற்கும். உள்ளே வெங்காயத்தோல் மாதிரி ஒரு தாள். அதன்மேல் மெல்லிய கம்பியை வரிசை வரிசையாகப் பசை வைத்து ஒட்டியிருப்பார்கள். தாள் அதிர்ந்தால் பாட்டு. பசை பழசாகி உதிர்ந்து கம்பி விட்டுப்போனால் பாட்டுக்குள் வண்டு புகுந்ததுபோல இரையும். பழைய ஜோடியை வாங்குகிறவர்கள் பயப்படுவது அதற்குத்தான்.

பின்னொரு சமயம் டீச்சர் தூத்துக்குடிக்கு, தங்கை வீட்டுக்கே போய்விடுவதென்று முடிவு செய்தார்.

"உப்புக்காத்து இந்த ஸ்பீக்கருக்கு ஆகாது. நீங்க எடுத்துக்குங்க, சார்."

அண்ணனுக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை. இத்தனை பேரில் எனக்கு ஏன் என்ற சந்தேகம்.

"எந்தக் காலத்துச் சாமான், டீச்சர்?"

"எங்கிட்ட வரும்போதே பழசு."

"இன்னும் எத்தனை காலம் தாங்கும்?"

"ஒரு தட்டு போட்டுப் பாருங்க. நான் மார்க்கெட் போயிட்டு வந்திர்றேன்."

"குத்தம் தெரியாத தட்டா எடுத்து முன்னால வச்சிருப்பீங்க." சொல்லிவிட்டு அண்ணன் சிரித்தார். பாதிதான் சிரிப்பு.

"அப்ப பின்னால இருக்கிறதை எடுத்துக்குங்க," என்று டீச்சர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வாசல் கேட் சாத்தும் சத்தம் வரும்வரை அண்ணன் காத்திருந்தார். பிறகு ஸ்க்ரூ டிரைவரையும் டார்ச்சையும் வெளியே எடுத்தார். இரண்டையும் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார். ஸ்பீக்கரின் முதுகில் அடித்திருந்த பின்களை ஒவ்வொன்றாக நெம்பி, துணியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தார்.

கீழ் மூலையில் ஒரு சாண் நீளத்துக்குப் பசையின் நிறம் வேறாக இருந்தது. பிரஷ் இழுத்த தடம்கூடத் தெரிந்தது.

தொழிற்சாலையில் பழுதைப் பிடித்தால் வரும் அதே திருப்திதான் முதலில் வந்தது என்பார் அண்ணன். வருத்தம் பின்னால்தான் வந்ததாம்.

டீச்சர் திரும்பியபோது துணி தரையில் கிடந்தது.

"இது ஒட்டுப்போட்டது, டீச்சர்."

"ஆமா."

"சொல்லவே இல்லையே நீங்க."

டீச்சர் கீரைக்கட்டை மேசைமேல் வைத்தார். "நீங்க முதல்ல வந்த ஞாயித்துக்கிழமை ஞாபகம் இருக்கா, சார்?"

"அதை எப்படி மறப்பேன்?"

"அதுக்கு முந்தின நாள்தான் ஒட்டினேன். பசை காஞ்சிருக்குமான்னு பயந்துக்கிட்டேதான் தட்டைப் போட்டேன். நீங்க அழுதீங்க."

அண்ணன் டார்ச்சை அணைத்தார். அன்று தட்டில் கேட்ட குரலையும் அன்று வந்த அழுகையையும் இனி என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. மனைவிக்காக அவர் அழுதது அந்த ஒரு தடவைதான்.

"ஏமாத்திட்டீங்கன்னு சொல்லவா, டீச்சர்?"

"சொல்லுங்க. இப்ப எந்தத் தட்டு போட்டீங்க?"

இசைத்தட்டு அலமாரி மூடியபடியே இருந்தது. அண்ணன் குனிந்து துணியை எடுத்து மடித்தார்.

"தாங்குமான்னு மட்டுமாவது சொல்லுங்க," என்றார் கடைசியில்.

"எனக்குத் தெரியாது, சார். நான் தினமும் போட்டேன். அவ்வளவுதான்."

கதை இவ்வளவுதான். அண்ணன் ஸ்பீக்கர்களை எடுத்துக்கொண்டார். டீச்சர் தூத்துக்குடி போய், அங்கேயே காலமானார்.

அண்ணன் வீட்டு ஹாலில் அவை வெள்ளைப் போர்வைக்குள் நிற்கின்றன. வெயில் படக்கூடாது என்று அந்தப் பக்கத்து ஜன்னலை அவர் திறப்பதில்லை. யார் வந்தாலும் கதையைச் சொல்லி, போர்வையை விலக்கி, அந்த மூலையைக் காட்டுவார். கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். நானும் ஆட்டியிருக்கிறேன். வீட்டுக்குப் போகும் வழியில் டீச்சரைச் சந்தேகப்படுவேன். அப்படி ஒருத்தர் இருந்தாரா, அப்படிச் சொன்னாரா என்று.

போன மாதம் மறுபடியும் சொன்னார். இந்தத் தடவை வலது ஸ்பீக்கர். போர்வையை விலக்கிக் காட்டினார். நான் மூலையைப் பார்க்கவில்லை. ஸ்பீக்கரின் வயர் சுருட்டியபடியே கிடந்தது. அதைக் கட்டியிருந்தது சாமான் ஏற்றும்போது கட்டுகிற சணல், இன்னும் அவிழ்க்காமல். பக்கத்தில் இசைத்தட்டுப் பெட்டியின் மூடிமேல் பழைய காலண்டர்கள் அடுக்கியிருந்தன.

கேட்கலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். காபி ஆறிவிட்டது.

"அண்ணே," என்றேன், "இதுல கடைசியா எந்தத் தட்டு போட்டீங்க?"