ஐந்து தட்டும் ஒரு கத்தலும்

அல்லிக்குளத்துத் தவளைகளுக்கு ஒரு விசித்திர வழக்கம் உண்டு. காவல் தவளை குளத்தைப் பார்க்கவே கூடாது. தண்ணீருக்கு முதுகைக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு பாறையில் உட்கார வேண்டும்.

அன்று குண்டுமணியின் முறை. அதன் நாற்பது தலைப்பிரட்டைகளும் எதிர்மூலையில் பாசி தின்றுகொண்டிருந்தன.

பின்னால் தண்ணீரில், எதிர்மூலை வரை வரிசையாக நின்ற ஐந்து கோரைகளில் ஐந்து தும்பிகள். ஒவ்வொன்றுக்கும் தன் கோரைதான் உலகம். கோரை ஆடினால் பறந்து வந்து குண்டுமணியின் முதுகில் ஒரு தட்டு தட்டும். முதுகு குறுகுறுக்கும், பிறகு ஆறிவிடும். ஆறுவதற்குள் ஐந்து தட்டும் சேர்ந்தால்தான் குண்டுமணி கத்தும்.

இந்தக் காவல் வழக்கத்தை மூன்று நாளாக நோட்டம் விட்டிருந்தது நெட்டைக்காலன் என்ற கொக்கு. "அட, நிதானமாக நடந்தால் போதுமே!" என்று அதற்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

ஒரு காலை வைத்தது. ஒரு கோரை ஆடியது. ஒரு தட்டு விழுந்தது. கொக்கு அசையாமல் நின்றது. குறுகுறுப்பு ஆறியதும் அடுத்த காலை வைத்தது.

"அக்கா, என் கோரை ஆடிச்சு! கத்துங்க!" என்றது ஒரு தும்பி.

"ஒத்தைத் தட்டுக்கெல்லாம் வாய் திறக்க மாட்டேன். போன வாரம் ஒரு இலை விழுந்ததுக்குக் கத்தினேன். பிள்ளைங்க பயந்து நாளெல்லாம் சேத்துக்குள்ள பட்டினி கிடந்துச்சு. அன்னிலேருந்து அஞ்சும் சேர்ந்தாத்தான்."

"பாதிக் குரல்லயாவது?"

"என் தொண்டையில பாதி கிடையாது. முழுசா வரும், இல்லேன்னா வராது."

நான்கு கோரைகளைத் தாண்டிவிட்டது கொக்கு. இன்னும் ஒரே எட்டு. எதிரே கொழுகொழுவென்று நாற்பது! கொக்குக்குத் தலைகால் புரியவில்லை. சிறகை அடித்தது, சுழன்றது, தண்ணீரில் தொம் தொம் என்று குதித்தது.

ஐந்து கோரைகளும் ஒன்றாக ஆடின. ஐந்து தும்பிகளும் ஒன்றாகப் பாய்ந்தன. தட் தட் தட் தட் தட்!

"கொர்ர்ர்ர்!"

கரையோரம் அடுத்த பாறையில் இருந்த தவளை அதைக் கேட்டு அதே குரலில் கத்தியது. அதற்கடுத்ததும் அப்படியே. எதிர்மூலையை எட்டியபோதும் சத்தம் இம்மியும் குறையவில்லை. நாற்பது வால்களும் சேற்றுக்குள் மறைந்தன. கொக்கின் அலகில் பாசிதான் மிஞ்சியது.

குண்டுமணி கண்ணைத் திறந்து கொக்கைப் பார்த்தது.

"நாலு எட்டு வச்சப்போ சும்மாதானே இருந்தே! இப்ப மட்டும் என்ன இத்தனை சத்தம்?" என்று சீறியது கொக்கு.

"பொறுங்க, ஒரு கத்தலுக்கப்புறம் நான் மூச்சு வாங்கணும்," என்று கையைக் காட்டியது குண்டுமணி. பிறகு சொன்னது: "நாலும் தனித்தனியா வந்துச்சு, ஆறிப்போச்சு. கடைசியில அஞ்சையும் சேர்த்து அனுப்பினது நீங்கதானே, ஐயா!"

காரியம் முடியும் முன்பே கூத்தாடுகிறவன், தன் வரவைத் தானே ஊரெல்லாம் அறிவித்துவிடுகிறான்.