சரிவில் நின்ற கார்

"மன்னிப்புக் கேக்க வேண்டிய ஆளே இல்லாமப் போயிட்டா, அதை யார்கிட்டக் கேக்கிறதும்மா?"

சபாநடேசன் இதைக் கேட்டபோது மெய்யம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

சிறுமலை அடிவாரத்தில் இருந்தது மெய்யம்மையின் தியானக்கூடம். ஓட்டுக்கூரை, நாலு தூண், முன்னால் பெரிய முற்றம். அவ்வளவுதான். அவருக்கு வயது நாற்பத்தாறு.

சபாநடேசனுக்கு அறுபத்து மூன்று. கல்லூரியில் முப்பத்தொரு வருஷம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ஊரே அவரை சார் என்றுதான் கூப்பிடும். மெய்யம்மையும் அப்படித்தான்.

"யார்கிட்டக் கேக்கணும் சார்?"

"என் மனைவிகிட்ட. போன தை மாசம் தவறிட்டா."

"எதுக்காகக் கேக்கணும்?"

முப்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் குமுதவல்லி மேல் ஒரு நாள்கூடக் கை நீட்டியதில்லை. ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. இன்னதென்று எதைச் சொல்வது? ஆனாலும் ஏழு மாதமாக நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று அடைத்துக்கொண்டே இருந்தது.

"தெரியல" என்றார்.

மெய்யம்மை ஒரு தண்டைக் கிள்ளித் தட்டில் போட்டார்.

"எதுல வந்தீங்க?"

"என் கார்லதான்."

"முற்றத்துல காணோமே."

"வெளியே சரிவுல நிறுத்தியிருக்கேன்."

"உள்ள இவ்வளவு இடம் கிடக்கே?"

"அது பழைய டீசல் வண்டிம்மா. ஸ்டார்ட்டர் சுவிட்ச் போயிடுச்சு. சரிவுல உருள விட்டு, கியரைப் போட்டாத்தான் கிளம்பும்."

"எத்தனை நாளா இப்படி?"

யோசித்தார். "பதினொரு வருஷமா."

"சமதளத்துல நின்னுட்டா?"

"தள்ளணும்."

"யாரு தள்ளுவாங்க?"

தட்டில் கிடந்த கீரையையே பார்த்துக்கொண்டிருந்தார் சபாநடேசன்.

"அவதான்."

மெய்யம்மை அடுத்த தண்டைக் கிள்ளினார். சபாநடேசனே மேலே சொல்லத் தொடங்கினார்.

வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரை இருபது முப்பது அடிதான் தள்ள வேண்டும். அதற்கப்பால் தெரு இறக்கம். வண்டி தானாக உருண்டுவிடும். குமுதவல்லிக்குத் தபால் நிலையத்தில் வேலை. போகிற வழியில் அவளை இறக்கிவிட்டுவிட்டு அவர் கல்லூரிக்குப் போவார். தினமும் காலையில் அவள் தன் சாப்பாட்டுப் பையைக் காருக்குள் வைப்பாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகுவாள். பின்னால் போய்த் தள்ளுவாள். அவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார்.

"அவங்க வண்டியைச் சரி பண்ணச் சொல்லலையா?"

"ஒரு தடவை சொன்னா. பிள்ளைங்களுக்குக் கரண்ட்டு பாடம் நடத்துறீங்களே, நீங்களே கழட்டிப் பாருங்களேன்னா. நான் என்ன மெக்கானிக்கான்னு கேட்டேன். சிரிச்சா. அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல."

"மெக்கானிக்?"

"வண்டியை ரெண்டு நாள் விட்டுட்டுப் போகச் சொன்னான். காலேஜ் லீவுல பாத்துக்கலாம்னு இருந்தேன். தள்ளினாக் கிளம்பிடுதில்ல. அப்படியே விட்டுட்டேன்."

அவரும் ஒரு கீரைத் தண்டை எடுத்துக் கிள்ளினார்.

"கடைசியா ஆஸ்பத்திரி வாசல்ல தள்ளினாம்மா. மூச்சு வாங்குதுன்னு காட்டப் போயிருந்தோம். டாக்டரைப் பார்த்துட்டு வெளியே வந்தோம். நான் ஒண்ணுமே சொல்லல. கதவைத் திறந்து உட்கார்ந்தேன். திரும்பிப் பார்த்தா, பக்கத்து சீட்டுல மருந்துப் பைதான் இருக்கு. அவ பின்னால போயிட்டா. காவல்காரர் ஒருத்தர் ஓடி வந்து கை குடுத்தார். மூணு வாரத்துல போயிட்டா."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"இது பழைய வியாதி, தள்ளினதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னார்."

மெய்யம்மை கீரைத் தட்டை ஒதுக்கி வைத்தார்.

"வண்டியை உருட்டிக் கிளப்பி, உள்ள கொண்டாந்து முற்றத்துல நிறுத்துங்க. என்ஜினை அணைச்சிருங்க."

"அணைச்சா மறுபடி கிளம்பாதேம்மா."

"அதான். சரி பண்ணிருங்க."

"இங்க மெக்கானிக் யாராவது..."

"நீங்கதான் சார்."

"எனக்குத் தெரியாதும்மா."

"கரண்ட்டு தெரியும்ல?"

தண்ணீர் மோட்டார் இருந்த கொட்டகையைக் காட்டிவிட்டு அவர் சமையற்கட்டுக்குள் போய்விட்டார்.

கொட்டகையில் ஒரு தகரப்பெட்டி இருந்தது. அதில் ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர், கொஞ்சம் வயர், கசங்கிய உப்புத்தாள். காரை முற்றத்துக்குள் கொண்டுவந்து அணைத்துவிட்டு, சபாநடேசன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதனிடம் வந்தார்.

முதலில் பயமாக இருந்தது. அப்புறம் பழக்கம் கை கொடுத்தது. வகுப்பில் கரும்பலகையில் போடுகிற படத்தை மனத்துக்குள் போட்டுப் பார்த்தார். பேட்டரி. அங்கிருந்து ஒரு வயர் சுவிட்சுக்கு. சுவிட்சிலிருந்து இன்னொரு வயர் ஸ்டார்ட்டருக்கு. ஒரு வட்டம். எங்கோ ஓர் இடத்தில் அறுந்திருக்கிறது.

கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். சுவிட்சின் நட்டைத் திருகி அதை வெளியே இழுத்தார். முதுகில் இரண்டு வயர். அந்த இரண்டையும் ஒரு துண்டு வயரால் இணைத்துப் பார்த்தார்.

ஸ்டார்ட்டர் உறுமியது.

கையைச் சட்டென்று எடுத்துவிட்டார். பேட்டரி நன்றாக இருக்கிறது. ஸ்டார்ட்டரும் நன்றாக இருக்கிறது. கோளாறு இந்தச் சுவிட்சுக்குள்தான்.

பேட்டரி வயரைக் கழற்றி வைத்தார். சுவிட்சின் மூடியை நெம்பித் திறந்தார். உள்ளே செம்புத் தகடு இரண்டு, ஒன்றையொன்று தொட வேண்டிய இடத்தில் கரி பிடித்துக் கறுத்திருந்தன. அழுக்குதான். தேய்மானம்கூட இல்லை.

உப்புத்தாளைக் கிழித்துத் தேய்த்தார். செம்பு பளிச்சென்று வந்தது. எல்லாவற்றையும் இருந்தபடி மாட்டினார். உள்ளே உட்கார்ந்து, ஒரு முறை அழுத்தினார்.

என்ஜின் ஓடத் தொடங்கியது.

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்பேனர் தேடிய நேரத்தையும் சேர்த்து இருபத்தைந்து நிமிஷம்.

சத்தம் கேட்டு மெய்யம்மை வெளியே வந்தார். சபாநடேசன் காரைவிட்டு இறங்கி, கரி படிந்த கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

"ஆயிடுச்சா சார்?"

"அரை மணி நேரம்கூட ஆகலம்மா."

உதடு கோணியது. அறுபத்து மூன்று வயது மனிதர், நின்ற இடத்திலேயே அழுதார்.

"பெரிய வேலைன்னு நினைச்சிட்டிருந்தேன். பெரிய வேலையாவே இருந்திருக்கக் கூடாதா?"

மெய்யம்மை அவரைத் தேற்றவில்லை. அழுது முடியட்டும் என்று தூணோரம் நின்றார். பிறகு காரிடம் போனார். ஓட்டிப் பழகியவர்போல உள்ளே உட்கார்ந்து என்ஜினை அணைத்தார்.

"சார், பின்னால போய்த் தள்ளுங்க."

"சுவிட்ச்தான் சரியாயிடுச்சேம்மா."

"நான் அதைத் தொடப் போறதில்ல. கேட் வரைக்கும் தள்ளுங்க. அங்கேயிருந்து இறக்கம்தானே."

சபாநடேசன் பின்னால் போனார். டிக்கியில் இரண்டு கைகளையும் வைத்துத் தள்ளினார்.

கார் அசையவில்லை.

தோளைக் கொடுத்தார். செருப்பு மண்ணில் வழுக்கியது. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, கால் விரல்களை ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினார். சக்கரம் ஒரு கால் சுற்றுச் சுற்றியது. நின்றால் மறுபடி முதலிலிருந்து. விடாமல் தள்ளினார். முதுகெலும்பில் வலி சுருக்கென்று ஏறியது. முழங்கால் நடுங்கியது. வாய்வழியாக மூச்சு வந்தது.

நிமிர்ந்து பார்த்தார்.

பின்கண்ணாடி வழியாக ஒரு தலையின் பின்பக்கம் தெரிந்தது. ஓட்டுகிறவர் முன்னால்தானே பார்க்க வேண்டும். அது திரும்பவே இல்லை.

கேட்டைத் தாண்டியதும் கையிலிருந்த பாரம் திடீரென்று போய்விட்டது. கார் சரிவில் தானாக ஓடியது. தடுமாறிக் கீழே விழப்போய்ச் சமாளித்து நின்றார். ஐம்பது அடி தூரத்தில், ஒரு குலுக்கலுடன் என்ஜின் பிடித்துக்கொண்டது. கறுப்புப் புகை மேலே வந்து அவர் முகத்தில் அடித்தது.

கார் இன்னும் கொஞ்சம் போய்ச் சரிவின் அடியில் நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் அங்கேயே நின்றார். இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டார். வெயில் கண்ணைக் குத்தியது. இனி இந்தத் தூரத்தையும் நடக்க வேண்டும்.

ஹாரன் அடித்தது. இரண்டு முறை.

தெரு இறக்கத்தில் குமுதவல்லிக்காகக் காத்திருக்கும்போது அவரும் இப்படித்தான் அடிப்பார். காலை வகுப்புக்கு நேரமாகிவிடும்.

"இதோ வந்துட்டேன்" என்றார் சபாநடேசன்.

என்ஜின் இரைச்சலில் அது காருக்குள் கேட்டிருக்காது. அந்தத் தலை திரும்பவில்லை.

அவளும் ஏதாவது சொல்லியிருப்பாள்.