சாளைத்தீவில் பறந்த கொடி

நண்டுக்கோட்டைச் சமஸ்தானத்து மகரபூபதி ராஜாவுக்குப் பத்திரிகை படிக்கிற பழக்கம் உண்டு. வந்த வினையெல்லாம் அதனால்தான்.

"அமெரிக்காக்காரன் கடல் கடந்து போய்த் தீவு தீவாகப் பிடிக்கிறானாம். கேட்டால், அந்த ஜனங்களின் நன்மைக்குத்தான் என்கிறானாம்" என்று ஒரு நாள் சபையில் சொன்னார். "நமக்கும் ஒரு தீவு வேண்டும்."

அரண்மனை மொட்டை மாடியில் நின்றால் தெரிகிற தீவு ஒன்றே ஒன்றுதான். சாளைத்தீவு. நாலைந்து தென்னை, கொஞ்சம் குடிசை, கரை நெடுக மீன் வாசனை. எந்த ராஜாவும் அதைத் தன்னுடையது என்று சொன்னதில்லை. சொல்லும்படி அங்கே ஒன்றும் இல்லை.

தளவாய் வயிரவனுக்கு வாயெல்லாம் பல். "தீவு வந்துவிட்டால் கப்பற்படை வேண்டும் மகாராஜா. அங்கிருக்கிற வள்ளங்களையெல்லாம் பிடுங்கிப் படையில் சேர்த்துவிடுகிறேன்."

சபையில் விகடகவி முடியப்பனும் இருந்தான். அவன் மனைவி செசிலி பிறந்த ஊர் அது. மச்சான்மாரின் பிழைப்பே அந்த வள்ளங்களில்தான். வள்ளம் போனால் தீவே பட்டினி. செசிலி காதில் விழுந்தால் அவனுக்கும் வீட்டில் சோறு கிடையாது.

"முடியப்பா, உன் மாமனார் ஊர்தானே? அவர்களாகவே நம்மை அழைக்கும்படி செய். ரத்தம் சிந்தக் கூடாது. உன்னால் ஆகாதென்றால் இனிமேல் சபைப் பக்கம் வராதே" என்றார் ராஜா.

"இவ்வளவுதானா?" என்று கிளம்பிப் போனவன் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட்டான். "தங்களை ஊர்த்தலைவராக்கத் துடிக்கிறார்கள் மகாராஜா. ஊர் வழக்கப்படி நடப்பதாகத் தாங்கள் ஒரு வாக்குக் கொடுத்தால் போதும்."

"கொடுத்தோம்" என்றார் ராஜா. என்ன வழக்கம் என்று கேட்கவில்லை. ஊரைப் பிடிக்கிற அவசரத்தில் அதையெல்லாம் யார் கேட்பார்கள்?

மறுநாள் மேளதாளத்தோடு தீவில் கொடி ஏறியது. ராஜாவுக்குத் தலைப்பாகை கட்டினார்கள். சட்டியில் சாளைமீன் பொரிகிற வாசனை மூக்கைத் துளைத்தது. ராஜா ஆசையாக இலைப்பக்கம் நடந்தார். முடியப்பனின் மூத்த மச்சான் சந்தியாகு குறுக்கே வந்து கைகட்டி நின்றான்.

"தலைவரே, ஒரு வழக்கு. தளவாய் எங்க வள்ளத்தக் கேக்குறாரு. நாங்க குடுக்க மாட்டோம்."

"சாப்பிட்டுவிட்டு விசாரிப்போம்."

"அது ஆகாதுங்க. வழக்குன்னு வந்துட்டா, ரெண்டு தரப்பும் சரின்னு சொல்ற வரைக்கும் தலைவரு பச்சத்தண்ணி கூடக் குடிக்கக் கூடாது. அதனாலதான் இந்தப் பதவிக்கு இத்தன நாளா ஆளே கெடைக்கல."

ராஜா முடியப்பனை முறைத்தார். அவன் கொடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

தளவாய்க்கு அந்தத் தடை ஏதும் இல்லை. பந்தியில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, மீனைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டே வாதாடினார். "ஒரு வள்ளத்தைக் கூட விடமாட்டேன் மகாராஜா. சமஸ்தானத்தின் மானம் இதில் இருக்கிறது. யாரப்பா அங்கே, இன்னும் ரெண்டு மீன் போடு."

உச்சி வெயில் வந்தது. ராஜாவுக்குக் கண் இருட்டியது. முடியப்பனைக் கிட்டே இழுத்தார்.

"இதிலிருந்து தப்ப வழி சொல்லடா."

"தலைவருக்குத்தான் பட்டினி மகாராஜா. விருந்தாளிக்கு இந்த ஊரில் முதல் பந்தி."

ராஜா எழுந்தார். நேரே போய்த் தன் கையாலேயே கொடியை இறக்கினார். தலைப்பாகையைக் கழற்றிச் சந்தியாகுவிடம் கொடுத்தார். "சாளைத்தீவுக்கு இந்த நிமிஷமே பூரண சுதந்திரம் கொடுத்தோம்" என்று பிரகடனம் செய்துவிட்டு இலை முன் உட்கார்ந்தார்.

"அப்படியானால் என் கப்பற்படை?" என்று தளவாய் பதறினார்.

"தீவே இல்லை, படை எதற்கு? வள்ளத்தின் மேல் கை வைத்தால் உம்மை இந்த ஊர்த் தலைவராக்கிவிட்டுப் போய்விடுவோம்."

தளவாய் அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை, மீனுக்குக்கூட.

வயிறு நிறைந்த பிறகு ராஜாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "ஒரு தீவுக்கே நம் உயிர் போகப் பார்த்தது. அமெரிக்காக்காரன் அத்தனை தீவை எப்படியடா கட்டி ஆள்கிறான்?"

"அவன் வழக்கம் வேறு மகாராஜா. அங்கே தலைவர் சாப்பிட்டுவிடுவார். பட்டினி தீவுக்காரர்களுக்கு."

ராஜாவுக்குச் சிரிப்பில் புரையேறியது. தளவாயின் இலையிலிருந்த மீன்களை எடுத்து முடியப்பனுக்குப் பரிசாகப் போட்டார்.