முதல் வாய் யாருக்கு?

கதையைக் கடைசிவரை கேளுங்கள், நடுவில் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். முந்திக்கொண்டவர்கள் எல்லோருமே இதில் கோட்டை விட்டிருக்கிறார்கள், நானும் சேர்த்துத்தான்.

பாலாற்றங்கரையில் கருவேலம்பட்டு என்று ஓர் ஊர். அங்கே ஸ்காட்லாந்திலிருந்து வந்த மிஷனரிகள் கட்டிவிட்டுப் போன பிரஸ்பிடேரியன் கிறிஸ்தவக் கோயில் ஒன்று உண்டு. அப்பமும் திராட்சரசமும் பகிர்ந்துகொள்ளும் திருவிருந்துக்கு முதல் நாள், சபையை நடத்தும் மூப்பர்கள் ஐந்து பேரும் சபையார் ஒவ்வொருவருக்கும் ஒரு பித்தளை வில்லையைப் பெயர் எழுதிய காகித உறையில் கொடுப்பார்கள். மறுநாள் அதைக் காட்டினால்தான் பந்தியில் இடம். மற்ற ஊர்களில் இந்தப் பழக்கம் எப்போதோ மலையேறிவிட்டது. நம்மவர்கள் விடுவார்களா? வெள்ளைக்காரர் கொடுத்தது வட்ட வில்லை மட்டும். சதுர வில்லை நம்மவர் கண்டுபிடிப்பு. வட்டம் மேலத்தெருவுக்கு, முதல் பந்தி. சதுரம் கீழத்தெருவுக்கு, இரண்டாம் பந்தி. ஞானஸ்நானத்தில் பெயரை மாற்றிக்கொண்டவர்கள் சாதியை மட்டும் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். கிண்ணம் ஒன்றுதான். மேலத்தெரு குடித்து மீந்தது கீழத்தெருவுக்கு.

கீழத்தெரு சலோமி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். மேலத்தெருவில் அவர் ஊசி போடாத கை கிடையாது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், காய்ச்சலோடு கோயிலுக்கு வந்த அவருடைய அம்மாவிடம் கிண்ணம் வந்தபோது அதில் ஒரு சொட்டு ரசம் இல்லை. அடுத்த திருவிருந்துக்கு அம்மா உயிரோடு இல்லை. ஒரே பந்தி வைக்கிற நாளில்தான் இனி வாய் நனைப்பேன் என்று சலோமி சொல்லிவிட்டார். ஞாயிறு தவறாமல் வருவார், பாடுவார், மேசையில் கிண்ணத்தை வைத்ததும் எழுந்து வெளியே போய்விடுவார்.

கோயிலைப் பெருக்கி மணியடிப்பவர் யோபு. அவரும் கீழத்தெருதான். ஒரு திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை, வில்லைகள் களிம்பு பிடித்துக் கிடக்கின்றன என்று எல்லாவற்றையும் ஒரே அன்னக்கூடையில் கொட்டிப் புளி போட்டுத் தேய்த்தார். காயவைத்து, கைக்கு வந்ததை எடுத்து உறைகளில் போட்டு ஒட்டிவிட்டார். மறதியா, வேண்டுமென்றேவா என்று கேட்டால் இன்றைக்கும் தலையைத்தான் சொறிவார்.

மறுநாள் மூத்த மூப்பர் ஆசீர்நாதன் உறையைப் பிரித்தால் உள்ளே சதுரம். இரண்டு பந்திச் சட்டத்தைப் போட்டதே அவருடைய தாத்தா. வில்லை சொன்னால் சொன்னதுதான் என்று முப்பது வருஷமாக வாசலில் நின்று அடம்பிடித்தவர் இவர். மேலத்தெருவில் சதுரம் கிடைத்த மற்றவர்கள் வயிற்றுவலி என்று நழுவிவிட்டார்கள். மனுஷர் ரோஷக்காரர், போய் இரண்டாம் பந்தியில் உட்கார்ந்தார். கிண்ணம் அவர் கைக்கு வந்தபோது அடி தெரிந்தது. காலிக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னால் அவர் அழுதார்.

அடுத்த வாரம் நான்கு வரி எழுதிக் கொண்டுவந்து, எழுந்து நின்று வாசித்தார். பிரித்து உட்காரவைத்தது பாவம், அதைச் செய்தவர்கள் நாங்கள், தாத்தாக்கள் மேல் பழிபோட்டுத் தப்பிக்க மாட்டோம் என்று இருந்தது. தம்பிமார் இருவர் அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஆனாலும் சபை அந்த நான்கு வரியைத் தன் விசுவாச அறிக்கையோடு சேர்த்துக்கொண்டது. வில்லைகளை மூட்டை கட்டிப் பரணில் போட்டார்கள். ஈஸ்டரன்று ஒரே பந்தி என்று முடிவாயிற்று.

ஆசீர்நாதன் சலோமி வீட்டுக்கும் போனார். பாதி வழிவரை மனப்பாடமாக இருந்த பேச்சு வாசலில் மறந்துபோயிற்று. “தப்பு எங்களுதும்மா” என்று மட்டும் சொன்னார். அவர் முகம் வியர்த்ததைப் பார்த்து சலோமி முதலில் ரத்த அழுத்தம் பார்த்தார். அப்புறம்தான், “சரிங்கய்யா, வர்றேன்” என்றார்.

ஈஸ்டர் வந்தது. கோயில் பின்னால் பிரியாணிக்குத் தம் போட்டாயிற்று. கிண்ணம் வழிய ரசம் தயார். அப்போது பார்த்து ஒரு மூப்பர் கிளப்பினார்: இத்தனை வருஷம் முதல் வாய் மேலத்தெருவுக்கு, இன்றைக்கு யாருக்கு? வழக்கப்படி ஐந்து மூப்பர்களும் கோயிலின் பக்கத்து அறைக்குள் போனார்கள். தேக்கு மேசை, ஐந்து நாற்காலி, ஐந்தும் மேலத்தெரு. பாவத்தை வாயால் ஒத்துக்கொண்ட ஆசீர்நாதனுக்கே என்றார்கள் இருவர். மன்னிக்கக் கடமையில்லாமல் மன்னித்தவர் சலோமி, அவருக்குத்தான் என்று ஆசீர்நாதனே சண்டைபோட்டார். யோபு குழப்பாவிட்டால் சதுரம் சதுரமாகவே இருந்திருக்கும், அவருக்குக் கொடுங்கள் என்றார்கள் மற்ற இருவர். சலோமியும் யோபுவும் வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்தார்கள். ஜன்னல் திறந்திருந்தது. மணி பத்தாகியும் வழக்கு முடியவில்லை. இப்படியே போனால் சலோமி பழையபடி எழுந்து போய்விடுவாரோ என்று நான் வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். ஒப்புக்கொண்டவர், மன்னித்தவர், குழப்பியவர். மூவரில் முதல் வாய் யாருக்கு உரியது? அந்த ஐவருக்கு நீங்கள் என்ன தீர்ப்புச் சொல்வீர்கள்?

விடை: ஐவரும் தீர்ப்பே சொல்லக் கூடாது. சலோமி எழுந்தார், ஆனால் வெளியே போகவில்லை, ஜன்னலுக்கு வந்தார். “ஐயா, வட்டம் யாருக்கு, சதுரம் யாருக்குன்னு அன்னைக்கும் இந்த அறையிலதான் முடிவு பண்ணீங்க. முதல் வாய் யாருக்கு வேணா குடுங்க. பேசற மேசையில எங்களுக்கும் நாற்காலி போடுங்க.” ஆசீர்நாதன் தன் நாற்காலியையே தூக்கி அவருக்குப் போட்டுவிட்டு நின்றார். யோபு பாடகர் பெஞ்சையே இழுத்து வந்துவிட்டார். அப்புறம் ஒரு நிமிஷத்தில் பேச்சு முடிந்தது. முதலில் குடித்தது யார் என்று இன்றைக்கு விசாரித்தால் ஊரில் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள், யாருக்கும் சரியாக ஞாபகமில்லை. கிண்ணம் எல்லோரையும் சுற்றித் திரும்பியபோது அதில் இன்னும் ரசம் இருந்தது. சலோமி எட்டிப் பார்த்தார். “அம்மா, மீந்திருக்கு” என்று சொல்லிச் சிரித்தார்.