குமிழ் வராத வாளி

"நாளில எனக்கு மூண்டு இடைவெளிதான் கிடைக்குது, தங்கச்சி. காலமை இருபது நிமிசம், மத்தியானம் முப்பத்தைஞ்சு, படுக்க முதல் ஒரு பத்து. இதுக்குள்ள பியர் காய்ச்சிறதை எப்பிடி அடக்கிறது?"

கேட்டவர் குகநேசன். வயது ஐம்பத்தேழு. காலையில் மருத்துவமனைச் சலவைக்கூடம், மத்தியானத்துக்குப் பிறகு பார்சல் கிடங்கு. எப்போது பார்த்தாலும் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு நிற்கிற மனிதர்.

கேட்கப்பட்டவள் மெற்றில்டா. அவரைவிட இருபது வயது இளையவள். கனடாவின் ஸ்காபரோவில் நகரப் பேருந்து ஓட்டுகிறாள், வீட்டுக் கராஜில் பியர் காய்ச்சுகிறாள். அவளிடம் காய்ச்சப் பழக ஆட்கள் வருவார்கள். பாதிப் பேர் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

இதுவரை எத்தனை தடவை பழுதாகியது என்று அவள் விசாரித்தாள்.

மூன்று தடவை. முதல் தடவை வாளியை ஒழுங்காகக் கழுவ நேரமில்லை. அடுத்த இரண்டு தடவையும் காய்ச்சியது ஆறும்வரை நிற்க நேரமில்லை. கொதிக்கக் கொதிக்க ஈஸ்ட்டைக் கொட்டிவிட்டு வேலைக்கு ஓடினார். ஈஸ்ட் உயிருள்ள சாமான், வெந்து செத்துப்போயிற்று.

"ஏன் அண்ணை இவ்வளவு அவசரம்?"

மகன் ஆரூரன் மூன்று கிழமையில் வேலை கிடைத்து வன்கூவர் போகிறான் என்றார். ஒரே வீடுதான். ஆனால் நாலு வருடமாக அப்பாவும் மகனும் படியில்தான் சந்தித்துக்கொள்கிறார்கள், ஒருவர் சப்பாத்தைக் கழற்றும்போது மற்றவர் போட்டுக்கொண்டு. போவதற்குள் அவனை எதிரே இருத்தி, தன் கையால் காய்ச்சியதில் ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுக்க வேண்டும். மகனோடு உட்கார அவருக்கு வேறு சாட்டுத் தெரியவில்லை.

மெற்றில்டா உள்ளே போனாள். வெகுநேரம் கழித்து, மூடிய வெள்ளை வாளி ஒன்றைத் தூக்கமாட்டாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். மூடியைச் சுற்றி டேப் ஒட்டியிருந்தது. மேலே, உள்ளே ஊறும் காற்று குமிழ் விட்டு வெளியேற ஒரு சின்னக் குழாய்.

"பேஸ்மண்டில வையுங்கோ. ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஏழிலயிருந்து எட்டுவரைக்கும் பக்கத்தில இருந்து பாருங்கோ. திறக்கக் கூடாது."

"ஏழு மணிக்கு நான் ஓவர்டைமில நிப்பன்."

அவள் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு பஸ் ஓட்டப் போய்விட்டாள்.

குகநேசன் ஓவர்டைமை விட்டார். மனமில்லாமல்தான் விட்டார்.

முதல் நாள் குமிழ் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. தொலைபேசியில் அழைத்தார்.

"குமிழ் ஒண்டையும் காணேல்லை, தங்கச்சி."

"வாளியடியில இருந்து எத்தினை மணிக்கு எழும்பினனீங்கள்?"

"எட்டுக்கு."

"அப்ப சரி."

தொடர்பு துண்டிக்கப்பட்டது. என்ன சரி என்று அவருக்கு விளங்கவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் ஆரூரன் கீழே இறங்கி வந்தான். அப்பா ஒரு வாளிக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கும் காரணம் கேட்டான். சொன்னார். அவன் வாளியை இலேசாக ஆட்டிப் பார்த்தான், குனிந்து குழாயை முகர்ந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தவன், சொல்லாமல் கீழ்ப்படியில் உட்கார்ந்தான்.

மறுநாளும் வந்தான். பிறகு ஏழு மணி என்றால் அவனும் அங்கேதான்.

முதலில் பியரைப் பற்றித்தான் கதைத்தார்கள். ஊற்றியவுடன் குடிக்கக் கூடாது, நுரை அடங்கும்வரை கதைக்காமல் பொறுக்க வேண்டும் என்று, ஒரு தடவைகூட நுரை கண்டிராத குகநேசன் மகனுக்குப் பாடம் எடுத்தார்.

ஒன்பதாம் நாள், பல்கலைக்கழகத்தின் இரண்டாம் வருடத்தில் ஒரு தவணை முழுக்கத் தான் வகுப்புக்கே போகவில்லை என்றான் மகன். காலையில் புறப்பட்டு ஏரிக்கரையில் நடந்துவிட்டு வருவானாம். குகநேசன் ஏசவில்லை. குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சலவைக்கூடத்தில் சேர்ந்த முதல் கிழமை அழுக்குத்துணி வண்டிக்குப் பின்னால் குந்தியிருந்து அழுததைச் சொன்னார். அதை அவர் எவருக்கும் சொன்னதில்லை.

பதினான்காம் நாள் மகனோடு கதைத்துக்கொண்டிருந்ததில் எட்டரை மணிக்குத்தான் ஞாபகம் வந்தது, அன்று குழாயை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பயந்துபோனார். மூன்று தடவை அவசரத்தால் கெட்டது, இந்தத் தடவை மறதியால் கெடப்போகிறது என்று நினைத்தார்.

இருபத்தோராம் நாள் அப்பாவும் மகனுமாக வாளியைத் தூக்கிக்கொண்டு மெற்றில்டாவின் கராஜுக்குப் போனார்கள். மறுநாள் காலை ஆரூரனுக்கு விமானம்.

அவள் டேப்பைக் கிழித்து மூடியைத் திறந்தாள்.

தண்ணீர். பைப்பில் பிடித்த வெறும் தண்ணீர். வாளியின் அடி தெளிவாகத் தெரிந்தது.

குகநேசன் வாளியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி வாளியைப் பார்த்தார்.

"இதில பியர் எங்கை?"

"பியர் பதமாக அஞ்சு கிழமை வேணும், அண்ணை. நீங்கள் வரேக்க மூண்டுதான் இருந்தது."

"அதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீங்கள் ஓவர்டைமுக்குப் போயிருப்பீங்கள்."

அவருக்கு முகம் சூடேறியது. கோபமா வெட்கமா என்று அவருக்கே பிடிபடவில்லை. மகன் பக்கம் திரும்பினார்.

ஆரூரன் தன் குளிர்ச்சட்டைப் பைக்குள்ளிருந்து இரண்டு கிளாஸ்களை எடுத்தான். வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறான். இரண்டையும் வாளிக்குள் விட்டு நிறைய மொண்டு, ஒன்றை அப்பாவின் கையில் வைத்தான்.

"தம்பி, இது வெறும்..."

"பொறுங்கோ அப்பா," என்றான் மகன். "நுரை அடங்கட்டும்."