நடுவர் உயர்த்தாத விரல்

கீழமங்கலம் ஜமீன்தாருக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கூலிக்குப் பந்து வீசித் தோள்பட்டையை இழந்தவன் மாசிலாமணி. இனி வீச இயலாது என்றானதும் அவனைக் கிரிக்கெட் நடுவராக்கிக்கொண்டார் ஜமீன்தார். துறைமுக அணியோடு ஆட்டம் நடந்த அன்று காலையில் அவனை அழைத்தார்.

"இன்று நீ எனக்கு அவுட் கொடுத்து விரலை உயர்த்தினால், பொழுது சாய்வதற்குள் உன் குடிசை தரைமட்டமாகும்."

"உத்தரவு, எசமான்."

துறைமுக அணியின் வேகப்பந்து வீச்சாளன் அந்தோணி, விக்கெட்டை மறைத்து நின்ற ஜமீன்தாரின் காலில் மூன்று பந்துகளை அடித்தான். மூன்று முறையும் அவுட் கேட்டான். மாசிலாமணி மறுத்துத் தலையசைத்தான். விக்கெட் கிடைக்காது என்று தெரிந்துகொண்ட பந்துவீச்சாளன் அடுத்து எங்கே வீசுவான் என்பதை அவன் அறிவான்.

நான்காவது பந்து விலா எலும்பில் மோதியது. ஐந்தாவது பந்து தாடையைக் கிழித்தது.

"அடுத்த பந்துக்கு விரலைத் தூக்கிவிடடா" என்று ஜமீன்தார் இரத்தம் வழிய முனகினார்.

மாசிலாமணி அனைவரும் கேட்கச் சொன்னான்: "தூக்கினால் என் குடிசையை இடிப்பதாகக் காலையில் சொன்னீர்களே, எசமான். தாங்களாக நடந்து வெளியேறுவதற்கு என் விரல் தேவையில்லை."

அந்தோணி ஓடிவரத் தொடங்கினான். அவன் பாதித் தூரம் வருவதற்குள், ஜமீன்தார் மட்டையைப் போட்டுவிட்டு நடந்தார். உத்தரவு மீறப்படவில்லை; குடிசையும் இடிபடவில்லை.